விருந்தினர் தங்கும் மலைத்தோட்டம்: குடகின் பாறையும் மரமும்

கர்நாடக மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டையும் அதன் கீழ்த்திசைச் சரிவையும் தன்னுள் அடக்கிய மாவட்டம் குடகு. ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சிறு மாவட்டம் இந்தியாவின் காப்பி விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை அளிக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி உலகச் சந்தையில் காப்பி விலை கடுமையாக வீழ்ந்தபோது, இங்குள்ள சிறு தோட்டக்காரர் பலர் தம் வீட்டின் இரண்டொரு அறைகளை ஒழித்து, வெளியூர் விருந்தினருக்கு வாடகைக்கு விடத் தொடங்கினர். ‘ஹோம்ஸ்டே’ என்று வழங்கும் இவ்விருந்தினர் இல்லங்கள் இன்று பல குடும்பங்களுக்குக் காப்பியோடு ஒத்த வருவாயாகிவிட்டன.

தோட்டத்துக்கு வருபவர் மூடுபனியையும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களையும், பள்ளத்தாக்கின் நெல்வயலையும் கண்டு மகிழ்கின்றனர். காப்பிக் கனி பறிக்கும் முறையும் உலர்த்தும் முறையும் அவர்களுக்கு விளக்கப்படுகின்றன. ஆனால் அவ்வீடு எத்தகைய பாறையின்மேல் நிற்கிறது, அதைச் சூழ்ந்துள்ள மரங்களில் எவை அம்மலைக்கே உரியவை, எவை வந்தேறியவை என்பன பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இவ்விரண்டும் வெறும் தாவரவியல், புவியியல் செய்திகள் அல்ல என்பதை 2018ஆம் ஆண்டின் மழைக்காலம் குடகுக்கு உணர்த்தியது.

பாறையின் வயது

குடகின் அடித்தளம் இந்தியத் தீபகற்பத்தின் மிகத் தொன்மையான பாறைகளால் ஆனது. வரிவரியாகத் தோற்றமளிக்கும் நைஸ் பாறையும், கருநீலச் சாயல் கொண்ட சார்னோக்கைட் பாறையும் இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் ஒரு பகுதி 300 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டதெனக் கணிக்கப்பட்டுள்ளது. பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், மிகுந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறிய இப்பாறைகள், மேலிருந்த சுமை நெடுங்காலம் அரிக்கப்பட்டதனால் இன்று நிலப்பரப்பில் தலைகாட்டுகின்றன. மடிக்கேரியை ஒட்டிச் செல்லும் அகன்ற பிளவு மண்டலம் ஒன்று, குடகுப் பாறைத் தொகுதியை வடக்கே உள்ள தார்வார் தொகுதியிலிருந்து பிரிக்கிறது. அம்மண்டலத்தில் பாறைகள் நசுங்கியும் இழைபட்டும் காணப்படுகின்றன.

சார்னோக்கைட் என்னும் பெயருக்குத் தமிழகத் தொடர்பு உண்டு. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் இப்பாறையே, கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லாகவும் அமைந்திருப்பதை அறிந்த புவியியலார் தாமஸ் ஹாலண்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். குடகின் தோட்ட வீட்டு முற்றத்தில் கிடக்கும் கருங்கல் பலகை பலவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பாறை பழையதாயினும் மலையின் வடிவம் அத்துணைப் பழையதன்று. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவினின்றும் பிரிந்து விலகியபோது ஏற்பட்ட மேற்கு விளிம்பின் எழுச்சியும், பின்னர் தொடர்ந்த அரிப்பும் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான மேற்குமுகத்தை உருவாக்கின. மேற்கே கடலை நோக்கிக் கிடுகிடுவென்று இறங்கும் நிலம், கிழக்கே மைசூர் பீடபூமியை நோக்கி மெல்லச் சரிகிறது. தடியாண்டமோள் (1,748 மீட்டர்) குடகின் மிக உயர்ந்த சிகரம். காவிரி பிறக்கும் பிரம்மகிரி மேற்கு முகட்டிலேயே உள்ளது. கடல் கூப்பிடு தொலைவில் இருந்தும் அவ்வாறு அதை நாடாமல் கிழக்கே திரும்பி வங்கக் கடலைத் தேடிச் செல்வதற்குக் காரணம் இச்சாய்வே.

மழை செய்யும் வேலை

மடிக்கேரியில் ஆண்டுக்குச் சராசரி 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குசால்நகரில் பெய்வது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. இத்துணைக் குறுகிய தொலைவில் இவ்வளவு வேறுபாடு இருப்பதனால், ஒரே பாறையின்மேல் இருவகை மண்ணும் இருவகைக் காடும் தோன்றியுள்ளன. மேற்கே பசுமைமாறாக் காடு. கிழக்கே தேக்கும் மூங்கிலும் கலந்த இலையுதிர் காடு. காப்பித் தோட்டங்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்தவை.

மிகுந்த மழையும் வெப்பமும் பாறையில் உள்ள பெல்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக மாற்றுகின்றன. பொட்டாசியம், கால்சியம் முதலிய சத்துக்கள் நீரில் கரைந்து வெளியேறுகின்றன. இரும்பு மட்டும் ஆக்சைடாகத் தங்கி மண்ணுக்குச் செந்நிறம் தருகிறது. இம்மாற்றம் முற்றிய இடங்களில் செம்புறாங்கல் உண்டாகிறது. ஈரமாயிருக்கும்போது வெட்டியெடுத்து, காற்றில் உலரவிட்டால் இறுகும் தன்மையுடைய இக்கல்லை மலபார்ப் பகுதியில் கண்டு, 1807இல் வெளியான தம் பயண நூலில் அதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன்.

ஆனால் குடகின் சரிவுகளில் கட்டாயம் கவனிக்க வேண்டியது செம்புறாங்கல்லைவிட அதன் கீழுள்ள சிதைவுப் படலமேயாகும். புதிதாக வெட்டப்பட்ட சாலையோரச் சரிவு எதையும் நோக்கின் இது விளங்கும். மேலே ஓரடி, ஈரடி கருமண், அதன்கீழ் செம்மண், அதற்கும் கீழே வெளிர் மஞ்சளும் வெண்மையும் கலந்த, மண்வெட்டிக்கு எளிதில் இடம்கொடுக்கும் பொருள். அப்பொருளில் மூலப்பாறையின் வரிகளும் பிளவுகளும் அழியாமல் அப்படியே தென்படும். பார்வைக்குப் பாறை, தொட்டால் மண். இடையிடையே சிதையாமல் எஞ்சிய உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். மழைநீர் இப்படலத்தினூடே இறங்கி, கீழுள்ள கெட்டிப்பாறையை அடைந்ததும் மேற்கொண்டு செல்ல வழியின்றிச் சாய்வின் போக்கில் பக்கவாட்டில் நகர்கிறது. அது வெளிப்படும் இடமே ஊற்று. தோட்ட வீடுகள் பல அத்தகைய ஊற்றை ஒட்டியே முன்னோரால் கட்டப்பட்டன. கோடையில் விருந்தினர் குளிக்கும் நீர், முந்தைய ஆடி, ஆவணி மழை இப்படலத்தில் விட்டுச் சென்ற சேமிப்பேயாகும்.

சரிவிலிருந்து கழுவப்பட்ட நுண்களிமண் பள்ளத்தாக்கில் தங்கி நெல்வயலாயிற்று. வரப்புக் கட்டிய வயல் மழைக்காலம் முழுதும் நீரைத் தேக்கி நிலத்தினுள் இறக்குகிறது. இத்தகைய வயல்களிற் சில தரிசாக விடப்பட்டும், சில மண்நிரப்பி மேடாக்கப்பட்டும் வருவது, ஊற்றுகளின் கணக்கில் செலவு எழுதுவதற்கு ஒப்பாகும்.

நிழல் தரும் மரங்கள்

இம்மண்ணில் சத்து மிகுதியாகத் தங்கியிருக்கும் இடம் மேல்மட்டக் கருமண் ஒன்றே. கீழ்மண்ணில் களிமண் இருந்தும் சத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைவு. உதிரும் இலை மட்கி, அம்மட்கைப் பூஞ்சையும் வேரும் உடனுக்குடன் பயன்படுத்திக் கொள்வதனால்தான் இக்காடு செழிக்கிறது. மரத்தை நீக்கினால் சில பருவ மழைகளிலேயே கருமண் கரைந்துவிடும்.

இதை முதலில் அறியாது செயல்பட்டவர்கள் 1850களில் வந்த ஐரோப்பியத் தோட்டக்காரர்கள். காட்டை அடியோடு வெட்டி எரித்துவிட்டு, திறந்த வெயிலில் அரபிக்கா காப்பியைப் பயிரிட்டனர். தொடக்கத்தில் விளைச்சல் நன்றாக இருந்தது. 1860களின் பிற்பகுதியில் தண்டு துளைப்பான் வண்டு பெருகித் தோட்டம் தோட்டமாகச் செடிகளை அழித்தது. வெயில்படும் தண்டின் பட்டையையே அவ்வண்டு முட்டையிட நாடுகிறது. இதனை ஆராயுமாறு சென்னை அரசால் நியமிக்கப்பட்ட மருத்துவர் ஜார்ஜ் பிடி, 1869இல் வெளியிட்ட அறிக்கையில் நிழலின் இன்றியமையாமையை வற்புறுத்தினார். குடகின் காப்பி இன்றளவும் மரநிழலில் வளர்வதற்கு அந்தப் பட்டறிவு ஒரு காரணம்.

நிழலுக்கென விடப்பட்டவை காட்டின் எஞ்சிய மரங்களே. ஆகையால் நன்கு பேணப்பட்ட ஒரு பழந்தோட்டத்தில் நடப்பது, மெலிந்துபோன ஒரு காட்டினுள் நடப்பதைப் போன்றது. மேலடுக்கில் தான்றி, அயனிப்பலா, வெண்தேக்கு, சந்தன வேம்பு, ஈட்டி, நாவல் ஆகியவை நிற்கின்றன. மழைமிகு மேற்கில் வெள்ளைக் குங்கிலிய மரம் காணப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இம்மரத்தின் பிசின் தூபத்துக்குப் பயன்படுவது. நெடிதுயர்ந்த கூந்தற்பனை ஆங்காங்கே தென்படும். அத்தி, இத்தி, ஆல் இனங்கள் வேறு மரம் காய்க்காத மாதங்களிலும் பழம் தருவதனால் பறவைகளுக்கு உயிர்நாடியாக உள்ளன. மலபார் சாம்பல் இருவாட்சி இப்பழங்களைத் தேடித் தோட்டத்துக்கு வந்து, காட்டு மரங்களின் விதைகளையும் அங்கே விட்டுச் செல்கிறது. விதைத்தவர் இன்றி முளைத்த கன்றுகளைக் களையெடுப்பின்போது அடையாளம் கண்டு விட்டுவைக்கும் பழக்கம் பழைய தோட்டக்காரர்களிடம் இருந்தது.

மிளகும் ஏலமும் இம்மலையின் சொந்தச் செடிகள் என்பதை நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் கீழடுக்கில் வளரும் பல செடிகளை வழிகாட்டியும்கூடக் கவனியாது கடந்து செல்வதுண்டு. ஹம்போல்டியா புருனோனிஸ் என்னும் குறுமரம் அவற்றுள் ஒன்று. அதன் கிளைகளில் சில கணுவிடைகள் உப்பி உள்ளீடற்றிருக்க, அவற்றில் எறும்புகள் குடியிருக்கின்றன; இலையில் சுரக்கும் தேன் அவற்றுக்கு உணவாகிறது. மற்றொன்று, குடகு மக்கள் மருந்துத் தழை என்னும் பொருளில் ‘மத்து தொப்பு’ என அழைக்கும் ஜஸ்டீசியா வயநாடென்சிஸ். கக்கட மாதம் 18ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் 3 அன்று, இத்தழையை வேகவைத்த கருஊதா நிறச் சாற்றில் பாயசம் செய்து உண்பது மரபு. அன்று அதில் 18 மருந்துகளின் குணம் சேருமென்பது நம்பிக்கை. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் மட்டுமே இது தழைக்கும். பன்றிக்கறிக்குப் புளிப்புச் சேர்க்கும் கச்சம்புளியும் கொடம்புளி இனக் காட்டு மரத்தின் பழச்சாற்றைக் காய்ச்சிப் பெறுவதே. விருந்தினரின் இலையில் பரிமாறப்படும் உணவிலேயே இம்மலையின் தாவர வளம் அடங்கியிருக்கிறது என்று கூறின் மிகையாகாது.

தோட்டங்களுக்கு இடையே தேவரகாடு எனப்படும் கோயிற்காடுகள் 1,200க்கும் மேற்பட்டவை இம்மாவட்டத்தில் உள்ளன. பல மிகச் சிறியவை. சில ஆக்கிரமிப்புக்கும் உள்ளாயின. எனினும் சுற்றிலும் உள்ள நிழல்தோட்டம் நாட்டு மரங்களைக் கொண்டிருக்கும் வரை, பறவைக்கும் வித்துக்கும் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்ல வழி இருக்கிறது.

மரம் யாருடையது?

இந்நிலை கடந்த அரை நூற்றாண்டில் மாறிவந்துள்ளது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரம் நாட்டு மரங்களின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக் கொண்டது. இம்மரத்தின்மீது பழிசுமத்துவது பொருந்தாது. அது விரைவாக வளர்கிறது, நேரான தண்டு மிளகுக்கொடிக்கு ஏற்ற பற்றுக்கோலாகிறது, கிளையைக் கழிப்பது எளிது, விற்றால் பணமாகிறது. தோட்டக்காரர் அதை விரும்புவதற்கு இவை போதும். எனினும் இவற்றினும் வலிய காரணம் ஒன்று சட்டத்தில் உள்ளது.

குடகின் நில உரிமை முறை தனித்தன்மை வாய்ந்தது. இங்கு நிலம் ‘மீட்கப்பட்டது’, ‘மீட்கப்படாதது’ என இருவகைப்படும். மீட்கப்படாத நிலத்தில், அங்குள்ள மரத்தின் மதிப்பு அரசுக்குச் செலுத்தப்படும் வரை, நிலத்தை அனுபவிப்பவருக்கு மரத்தின்மேல் உரிமை இல்லை. நெல்வயலோடு இணைத்து விறகுக்கும் தழை உரத்துக்கும் மேய்ச்சலுக்கும் விடப்பட்ட ‘பாணெ’ என்னும் மரக்காடுகள் பெரும்பாலும் இவ்வகையின. காலப்போக்கில் இவற்றிலேயே காப்பி பயிராயிற்று. காட்டைக் காக்கும் நோக்கும் அரசின் வருவாய் நோக்கும் கலந்த இவ்வேற்பாடு எதிர்பாராத விளைவைத் தந்தது. தன் நிலத்தில் தானே முளைத்த அயனிக் கன்றை ஒருவர் முப்பது ஆண்டு வளர்த்தாலும், அதை வெட்டி விற்கும் உரிமை ஐயத்துக்குரியது; சில்வர் ஓக்குக்கோ அத்தடை இல்லை. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டமும் சில்வர் ஓக், சவுக்கு, யூகலிப்டஸ் முதலிய சில மரங்களுக்கு முன் அனுமதியிலிருந்து விலக்களித்துள்ளது. அயல் மரத்துக்குச் சுதந்திரமும் நாட்டு மரத்துக்குக் கட்டுப்பாடும் என்றமையவே, களையெடுக்கும் கத்தி எந்தக் கன்றின்மீது விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

துணைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள், 1977க்கும் 1997க்கும் இடையில் குடகின் வனப்பரப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததையும், அக்காலத்தில் காப்பிப் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கானதையும் காட்டின. இழப்பின் பெரும்பகுதி தனியார் காடுகளிலேயே நிகழ்ந்தது. பின்னர், குறைந்த நிழலே போதும் என்னும் ரொபஸ்டா காப்பி பரவியதும் நிழலை மேலும் மெலியச் செய்தது. மார்ச், ஏப்ரல் மாதப் பூமழை தவறினால் அதற்கு இறைப்புப் பாசனம் தேவைப்படுகிறது. அதற்கென மலைச்சரிவிலும் குளங்கள் தோண்டப்பட்டன.

சரிவில் கட்டப்படும் அறை

விருந்தினர் இல்லத்தின் முதற் கட்டம் பழைய வீட்டின் ஓர் அறை. அடுத்த கட்டம் ‘காட்சி’ உள்ள இடத்தில் புதிய அறை. காட்சி உள்ள இடம் எப்போதும் செங்குத்துச் சரிவின் விளிம்பாகவே அமைகிறது. முன்னோர் ஒருபோதும் வீடு கட்டாத இடம் அது. அங்கே சமதளம் வேண்டி மலை வெட்டப்படுகிறது. வெட்டிய மண் கீழ்ப்புறம் கொட்டப்படுகிறது. வண்டி செல்லப் பாதை ஒன்று சரிவின் குறுக்கே போகிறது.

முன்னர்க் கூறிய சிதைவுப் படலத்தின் இயல்பை இங்கு நினைவுகூர வேண்டும். சரிவின் அடி வெட்டப்படும்போது மேலுள்ள மண் தன் தாங்கலை இழக்கிறது. கொட்டிய மண் இறுகாமல் நீரைக் குடிக்கிறது. தொடர்மழையில் நீர் நுழைய நுழைய மண்துகள்களுக்கு இடையே நீரழுத்தம் கூடி, அவற்றின் பிடிப்புக் குறைகிறது. மூலப்பாறையின் பழைய பிளவுகள் படலத்தில் அழியாமல் இருப்பதனால், சறுக்குவதற்கு ஆயத்தமான தளங்கள் ஏற்கனவே உள்ளன. மர வேர்கள் இதற்கு ஓரளவு எதிர்ப்பு. ஆனால் வெட்டப்பட்ட மரத்தின் வேர் உடனே தன் வலுவை இழப்பதில்லை. சில ஆண்டுகளில் மட்கியபின் இழக்கிறது. அதற்குள் மரம் வெட்டியதும் மண் சரிந்ததும் வேறு வேறு நிகழ்ச்சிகளாகத் தோன்றத் தொடங்கிவிடுகின்றன. ஒரே வயதுள்ள சில்வர் ஓக் மரங்களை ஒருசேர வெட்டி விற்கும் தோட்டத்தில் இவ்விடைவெளி முழுச் சரிவுக்கும் ஒரே காலத்தில் நேர்கிறது. பல வயது, பல வகை மரங்கள் உள்ள தோட்டத்தில் அவ்வாறு நேர்வதில்லை.

2018 ஆகஸ்டில் பல வாரங்கள் பெய்த மழையால் மண் முற்றும் நனைந்திருந்த நிலையில், மாதத்தின் நடுவில் மிகக் கடுமையான மழை வந்தது. மக்கந்தூர், முக்கோட்லு, ஜோடுபாலா பகுதிகளில் சரிவுகள் பெயர்ந்தன. வீடுகளும் தோட்டங்களும் புதைந்தன; பள்ளத்தாக்கின் வயல்கள் சேற்றால் மூடப்பட்டன; ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் தங்க நேர்ந்தது. 2019இலும் உயிர்ச்சேதம் தொடர்ந்தது. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரிக்கு அருகே பிரம்மகிரி மலையே சரிந்தது. முதற்காரணம் மழை என்பதில் ஐயமில்லை. எனினும் கட்டடங்களுக்கும் சாலைகளுக்குமாகச் சரிவை வெட்டியமைத்ததையும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காரணமாகச் சுட்டியது. காடடர்ந்த சரிவுகளிலும் சில பெயர்ந்தன என்பதை மறைக்கலாகாது. மரம் இருந்தால் மலை சரியாது என்று எவரும் உறுதி கூற முடியாது. வெட்டாத சரிவுக்கும் வெட்டிய சரிவுக்கும் உள்ள வேறுபாடே அதிகாரியின் கைக்கு எட்டுவது.

விருந்தினர் இல்லத்துக்கு உரிமம் வழங்குங்கால் அறைகளின் எண்ணிக்கை, கழிப்பறை வசதி, தீ பாதுகாப்பு ஆகியவை பார்க்கப்படுகின்றன. நில வெட்டின் உயரம், வெட்டிய மண் கொட்டப்பட்ட இடம், கூரைநீரும் நீச்சல் குளத்து நீரும் வடியும் பாதை, மேற்சரிவில் குளம் உண்டா என்பது, அடிச்சரிவில் ஊற்று உண்டா என்பது ஆகிய ஐந்தையும் ஒரு மணி நேரத்தில் தோட்டத்தைச் சுற்றிவந்தே குறித்துக்கொள்ளலாம். இதற்கு உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வளைந்து நிமிர்ந்த மரத்தண்டு, சரிவின் மேற்பகுதியில் பிறைவடிவ வெடிப்பு, திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகியவை மண் நகரத் தொடங்கியதன் அடையாளங்களாகும். தோட்டத் தொழிலாளர் இவற்றை அதிகாரிக்கு முன்பே காண்பவர். அவர்கள் குடியிருப்பு வரிசைகள் பெரும்பாலும் சரிவின் கீழ்ப்புறத்திலேயே இருப்பதனால், முதலில் ஆபத்துக்கு உள்ளாகிறவர்களும் அவர்களே.

நாட்டு மரத்தைத் திரும்பக் கொண்டுவருவது சில்வர் ஓக் நடுவதைப்போல் எளிதன்று. சில்வர் ஓக் விதையை உலர்த்தி வைத்துப் பின்னர் விதைக்கலாம். வெள்ளைக் குங்கிலியம், அயனி ஆகியவற்றின் விதை உலர்ந்தால் உயிரிழந்துவிடும். விழுந்த சில நாட்களுக்குள் ஊன்ற வேண்டும். குங்கிலிய விதை உதிர்வது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில். அவ்வேளையில் தோட்டக்காரருக்கு வேறு வேலை குறைவு; விருந்தினர் வருகையும் மழையால் தணிந்திருக்கும். தாய்மரத்தின் கீழிருந்து பொறுக்கிய விதையைக் கருமண்ணும் மணலும் கலந்த பையில் ஊன்றி, நிழலில் வைத்து, ஓரிரு ஆண்டுகள் கழித்து முதல் மழையில் சில்வர் ஓக் வரிசைகளின் இடையே நட்டு வருவோர் மாவட்டத்தில் இருக்கின்றனர். சில்வர் ஓக்கை ஒரே ஆண்டில் நீக்காமல், கன்று தலையெடுக்குந்தோறும் ஒவ்வொன்றாகக் கழிப்பதே நிழலுக்கும் சரிவுக்கும் ஏற்ற முறை. நட்ட மரத்தின் இனம், ஆண்டு, இடம் ஆகியவற்றைக் கிராமக் கணக்கில் பதிவு செய்து, பிற்காலத்தில் வெட்டும் உரிமையை நட்டவருக்கே எழுத்தில் உறுதி செய்யும் வழி ஏற்படுமாயின், இப்பைகளின் எண்ணிக்கை பெருகுவதற்குத் தடை ஏதும் இராது.